காணியில்லாத வீடு

ஒஸ்லோ,
பெப்ரவரி மாதக் கடைசி

அன்புள்ள அம்மா,

ஆரையம்பதி மாமியின் மகள் கொண்டுவந்த பொதியும், அதற்குள் மடித்து வைத்திருந்த உங்கள் கடிதமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. தினமும் போனில் முகம் பார்க்கிறவர்களுக்குக் கடிதம் எதற்கு என்று தம்பி உங்களைக் கேலி செய்திருப்பான். போனில் நீங்கள் "சாப்பிட்டாயா, பிள்ளை சாப்பிட்டாளா" என்பதைத் தாண்டுவதேயில்லை. பக்கத்தில் எப்போதும் யாராவது நிற்கிறார்கள். கேட்க வேண்டியதைத் தாளில்தான் கேட்டிருக்கிறீர்கள். நானும் தாளிலேயே எழுதுகிறேன். பதில் பிந்தியதற்குக் கோபிக்காதீர்கள். எழுத உட்கார்ந்தால் நித்திரை முந்திக்கொள்கிறது.

கூனி இறால் வந்த அன்றைக்கே தேங்காய் துருவிச் சம்பல் இடித்துவிட்டேன். உங்கள் மருமகன் புட்டைக் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, வேலைக்குப் போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு பசி தாங்காமல் வந்து எங்களைவிட அதிகம் தின்றாள். கஜுவை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

குளிர் இன்னும் விடவில்லை. ஆனால் மார்கழியில் காலை ஒன்பதுக்குப் பிறகு விடிந்து பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டியதே, அந்தக் காலம் போய்விட்டது. இப்போது ஐந்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. பகலில் உருகுகிற பனி இரவில் கண்ணாடியாகிவிடுகிறது. தெருவில் சின்னக் கல்லைக் கொட்டி வைக்கிறார்கள், அப்படியும் வழுக்கும். சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள் பூட்டிக்கொண்டுதான் நடக்கிறேன்.

மேல்மாடிக் கிழவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறார், கிறுக்கும் குறையவில்லை. இங்கே குப்பையைப் பிரித்துப் போட வேண்டும்: சாப்பாட்டு மிச்சம் பச்சைப் பையில், பிளாஸ்டிக் வேறு நிறப் பையில். ஒருநாள் கதவைத் தட்டினார். கையில் நான் எறிந்த சிரட்டை. அது எந்தப் பைக்குரியது என்று வழக்குப் பேச வந்திருக்கிறார் என்று நானும் சண்டைக்கு ஆயத்தமானேன். அவர் கேட்டது வேறு. இன்னும் இருந்தால் தர முடியுமா என்று கேட்டார். கொழுப்பை உருக்கி, சூரியகாந்தி விதையைக் கலந்து, சிரட்டைக்குள் ஊற்றி இறுக விட்டு, பல்கனியில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறார். பனிக்காலத்தில் குருவிகளுக்குத் தீன். கடையில் காசுக்கு விற்கிறார்கள், என் வீட்டில் இலவசம். மஞ்சள் வயிறும் கறுப்புத் தலையுமாக ஒரு சின்னக் குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கொத்துகிறது. எங்கள் வீட்டில் எத்தனை நாளுக்கொரு முறை சம்பல் என்ற கணக்கு இப்போது கிழவருக்கும் தெரியும். கொஞ்சம் வெயில் எறித்தால் போதும், ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடிப் பல்கனியில் உட்கார்ந்துவிடுவார். நீங்கள் பார்த்தால் திருநீறு போட ஆள் தேடுவீர்கள்.

இனி வீட்டுக் கதை. போனில் அரைகுறையாகச் சொன்னதை ஒழுங்காகச் சொல்கிறேன். இந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் தன் மகனுக்குக் கொடுக்கப் போகிறார். இன்னொரு வாடகைக்குப் போவதா, வாங்குவதா என்பதுதான் கேள்வி. ஒரு வீடு பார்த்தோம், போலர் என்ற இடத்தில். நாங்கள் இருக்கும் குரோருட் பக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மெரூட் முருகன் கோயில் கிட்ட, ரயிலில் ஏறினால் யாராவது தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள், சொந்தக் கதையைச் சத்தமாகப் பேசப் பயப்பட வேண்டும். போலர் இருப்பது ஒஸ்லோவின் தென்கிழக்கில். இங்கிருந்து போக நடுவில் ரயில் மாற வேண்டும். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. 1950களில் கட்டிய மாடிக் கட்டடங்கள். நாங்கள் பார்த்ததில் லிஃப்ட் கிடையாது. பின்னால் காடு தொடங்கிவிடுகிறது, காட்டுக்குள் ஒரு ஏரி.

இங்கே ஞாயிற்றுக்கிழமையில் வீட்டைத் திறந்து வைத்து எல்லோரையும் ஒன்றாகப் பார்க்க விடுகிறார்கள். வாசலில் நீல நிறப் பிளாஸ்டிக் உறைகள். சப்பாத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அடுத்தவன் எவ்வளவு கேட்பான் என்று கடைக்கண்ணால் அளக்கிறார்கள். மேசையில் ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். சாமான்களையெல்லாம் எங்கே ஒளித்தார்களோ தெரியவில்லை. நான் குசினி அலுமாரிகளைத் திறந்து பார்த்தேன். பானைகளுக்கு இடம் போதும். தேங்காய்த் திருவலைக்கு ஒரு மூலை கண்டுபிடிக்க வேண்டும்.

ஏரி கிட்ட இருக்கிறது என்றதும் தரகரிடம் நான் முதலில் கேட்டது, "தண்ணீர் வருமா?" என்றுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கல்லடியில் பார்த்தவளுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? அந்தப் பிள்ளை என்னைக் குளியலறைக்குக் கூட்டிப் போய், தரைக்குக் கீழே விரித்திருக்கும் நீர் புகாத படலம் எந்த வருடத்தையது என்று விளக்கினான். இந்த ஊரில் தண்ணீர்ப் பயம் என்றால் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக்குக் கசிவதுதான். வீட்டைச் சோதித்தவர் எழுதிய அறிக்கையில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. 3 என்றால் மோசம். இந்தக் குளியலறைக்கு 2. உங்கள் மருமகன் அந்த இரண்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் விடவில்லை.

அதைவிட அவருக்குப் பெரிய குறை, காணி. கொக்கட்டிச்சோலையில் வயலும் வளவுமாக வளர்ந்தவர். 45 லட்சம் குரோனர் கொடுத்து (ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், அப்பாவிடமும் சொல்லாதீர்கள்) ஒரு முழம் மண்கூடக் கிடையாதா என்கிறார். மண் மட்டுமா, சுவரும் எங்களுடையதில்லை. கட்டடம் குடியிருப்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். நாங்கள் வாங்குவது அதில் ஒரு பங்கு. அந்தப் பங்குக்கு இந்த வீட்டில் இருக்கும் உரிமை. சங்கம் முன்பு பட்ட கடனிலும் எங்கள் பங்கு எங்கள் தலையில் ஏறும்; அந்த 45இல் 3 லட்சம் அதுதான். மாதாமாதம் சங்கத்துக்குக் கட்ட வேண்டும். வசந்தத்தில் எல்லோரும் இறங்கி முற்றம் கூட்டி, சருகு அள்ளி, பிறகு சொசேஜ் சுட்டுத் தின்ன வேண்டும். சிரமதானம் இவர்களிடமும் உண்டு. அவருக்கு அதிலொன்றும் மறுப்பில்லை. காணியில்லாததை வீடு என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

விலையும் ஏலத்தில்தான் முடியும். கடைசியாகத் திறந்து காட்டிய மறுநாள் போனில் செய்தி மேல் செய்தியாக ஏறும். கேட்ட விலையிலிருந்து பின்வாங்க முடியாது. எல்லாம் முடிந்த பிறகும், சங்கத்தில் பல வருடம் உறுப்பினராக இருக்கும் ஒருவர் அதே விலைக்குத் தனக்கு வேண்டும் என்றால் அவருக்குத்தான். இதைக் கேட்டுச் சந்திக்கடை அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

விலையில் பத்திலொரு பங்கு கையில் இருக்கிறதா என்று வங்கி பார்க்கும். 2024 முடியும்வரை அது 15 வீதமாக இருந்தது, இப்போது 10. அது ஆயத்தமாக இருக்கிறது, நீங்கள் யோசிக்க வேண்டாம். காப்பையும் அட்டியலையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்திரமான இடத்தில் இருக்கின்றன. இந்தக் குளிரில் முழுக்கைச் சட்டைதான், காப்புப் போட்டாலும் ஒருவருக்கும் தெரியாது. அவர் இரவு பஸ் ஓட்டுவது விரும்பி எடுத்த வேலைதான். தெரு வெறுமையாக இருக்கிறது, நிம்மதி என்கிறார். எனக்கும் முதியோர் இல்லத்தில் குறையில்லை. சனி ஞாயிறிலும் கூப்பிடுகிறார்கள், போகிறேன். வீட்டில் இருந்துதான் என்ன செய்வது?

பல்கனி மேற்குப் பார்த்தது. மாலை வெயில் விழும் என்று தரகர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நாங்கள் வாசல் எந்தத் திசை என்று கேட்கிறோம், இவர்கள் வெயில் எந்தத் திசை என்று கேட்கிறார்கள். சூரியன் படுகிற பக்கம், படுவான்கரைக்காரருக்கு ஏற்ற வீடுதான் என்று உங்கள் மருமகனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு ஏரிக்கரைக்கு நடந்தோம். நொக்லெவான் என்று பெயர். முழுவதும் உறைந்து கிடந்தது. ஒரு மனிதர் பனிக்கட்டியில் துளை போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தூண்டில் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்க், விறைத்த சின்ன மீன் ஒன்று. ஒரு வாடையும் இல்லை, அம்மா. அவ்வளவு பெரிய தண்ணீர், பக்கத்தில் மீன், மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. எனக்கு அந்த நேரம் நம்முடைய மட்டக்களப்பு வாவியின் நாற்றம் வேண்டியிருந்தது. மணம் என்று பொய் சொல்ல மாட்டேன், நாற்றம்தான். சேறும் கண்டல் இலையும் வலை காயும் நாற்றமும். தபால்கந்தோர் மாமா ஒரு பூரணையில் எங்களை வள்ளத்தில் ஏற்றிப் பழைய பாலத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல்முனையில் காதை வைக்கச் சொன்னாரே. தங்கச்சி மீன் பாடுவது கேட்கிறது என்று துள்ளினாள். எனக்குக் கேட்கவில்லை. கேட்டதாகச் சொன்னேன். அதைப் போய் அங்கே நினைத்துக்கொண்டு நிற்கிறேன். சின்னவள் அதற்குள் ஏரியின் நடுவுக்கே ஓடிவிட்டாள். எனக்கு அந்தக் கட்டியில் கால் வைக்கத் துணிவில்லை. அவள் அங்கே நின்று "அம்மா, வா, ஒன்றும் ஆகாது" என்கிறாள், நோர்வே மொழியில். அவளுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் மாறுவதற்கு மட்டும் அழுகிறாள்.

எனக்கும் பிடித்திருக்கிறது. கோயில் தூரம்தான், கடை தூரம்தான். ஆனால் பிள்ளையைப் பெட்டியும் கையுமாக வாடகைக்கு வாடகை இழுத்துக்கொண்டு திரிய இனி என்னால் முடியாது. அடுத்த மாதம் இன்னொரு முறை திறந்து காட்டுகிறார்கள். எங்கள் உச்ச விலையை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். அதற்கு மேலே போனால் விட்டுவிடுவோம்.

இனி நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்டதற்கு வருகிறேன். களுவாஞ்சிக்குடிச் சம்பந்தம் நல்ல சம்பந்தம். மாப்பிள்ளை வந்து இருக்க வீடு வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் பிழையில்லை. நம் ஊரில் யார்தான் கேட்கவில்லை? தங்கச்சிக்கென்று தொடங்கிய வீடு 2022இல் சீமெந்து விலை ஏறியபோது யன்னல் மட்டத்தில் நின்றது. அந்தச் சுவரில் பாசி பிடிப்பதை நானும் போனில் பார்க்கிறேன். நீங்கள் இருக்கும் வீடு மூத்தவள் என்று என் பெயரில் இருக்கிறது. "உனக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறது, நாளைக்கு அவள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதும்போது அழுதிருப்பீர்கள். அந்த வரி மட்டும் கோணலாகப் போகிறது.

வீட்டைத் தங்கச்சிக்கே எழுதிவிடுங்கள். அவரோடும் பேசிவிட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். கிணற்றடியில் தான் வைத்த ஒட்டு மாமரம் காய்த்ததா என்று மட்டும் கேட்டார். காய்த்ததா? மறக்காமல் எழுதுங்கள்.

நன்கொடை உறுதியாக எழுதும்போது உங்களுக்கும் அப்பாவுக்கும் இருக்கும் காலம்வரை அந்த வீட்டில் உரிமை இருக்கும்படி சீவிய உரித்து வைத்தே எழுத வேண்டும். இதில் நீங்கள் வெட்கப்படக் கூடாது. மருமகன் நல்லவராக இருக்கட்டும், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். யன்னல் மட்டத்தில் நிற்கிற சுவரையும் அந்தக் காணியையும் என் பெயருக்கு மாற்றிவிட முடியுமா என்று கேளுங்கள். கூரை எப்போது வரும் என்று நான் சொல்ல மாட்டேன். கூரை வராவிட்டாலும், உங்கள் மருமகனுக்குக் கால் வைக்க ஒரு துண்டு மண் கல்லடியில் இருக்கும்.

போன முறை எல்லையைப் பிழையாக எழுதின நொத்தாரிசிடம் போகாதீர்கள். தபால்கந்தோர் மாமாவுக்குத் தெரிந்த ஆள் ஒருவர் நீதிமன்றத்துக்குக் கிட்ட இருக்கிறார், அவரிடம் போங்கள். நான் வர முடியாதபடியால், எனக்குப் பதிலாக ஒருவர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் தேவைப்படும். என்னென்ன தாள் வேண்டும் என்று அவரிடமே எழுதி வாங்கித் தம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய உறுதியின் பிரதி அலுமாரியில், என் கலியாணச் சாரிக்குக் கீழே இருக்கிறது. மாநகரசபையில் வீட்டுக்கான சோலை வரி நிலுவை இருந்தால் அதை முதலில் கட்டிவிடுங்கள், நான் அனுப்புகிறேன். மாதக் கடைசியில் அனுப்புவேன், அதற்கு முன் முடியாது.

அப்பாவின் கண்ணைப் போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள், இனியும் தள்ளிப் போடாதீர்கள். தம்பி உயர்தரம் எழுதி முடிக்கும்வரை அவனைக் கலியாண வேலைக்கு இழுக்க வேண்டாம். நாளைப் பார்க்கும்போது வைகாசியில் அம்மன் கோயில் சடங்குக்கு முன்னால் வைக்காதீர்கள். அப்போது எனக்கு லீவு இல்லை. ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த பிறகென்றால், பள்ளி விடுமுறையோடு பார்க்கலாம். வருகிறேன் என்று இன்னும் யாருக்கும் சொல்ல வேண்டாம், தங்கச்சிக்கும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பி.கு.: இந்தக் கடிதத்தைச் சந்திக்கடை அண்ணன் கொண்டு வருகிறார். அவரிடம் கூனி கொடுத்துவிடாதீர்கள், போன முறை பாதியை அவரே சாப்பிட்டுவிட்டார். மிளகாய்த்தூள் கொடுங்கள்.