அக்காவுக்கு, லிங்கனிலிருந்து

லிங்கன், நெப்ராஸ்கா
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அந்தத் தைலத்தை விடாமல் தேய்க்கச் சொல். மாமாவிடம், பேங்க் விஷயம் இவர் முடித்துவிட்டார் என்று சொல்லிவிடு.

நீ தைத்த குயில்ட், அதுதான் இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை, அதன் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் பழைய சுங்குடியையும் தையலில் மிச்சம் விழுந்த துண்டுகளையும் சேர்த்திருக்கிற விதம் ரொம்ப நன்றாக இருக்கிறது, அந்த மாம்பழ மஞ்சள் எங்கே கிடைத்தது? ஆனால் திருப்பிப் போட்டு எடுத்த படத்தில் அடித்துணி முழுக்கச் சுருக்கம். ஒரு மூலையில் துணி மடிந்து, மடிப்போடு சேர்ந்தே தையலும் விழுந்திருக்கிறது. மிஷின் பழசாகிவிட்டது என்று நீ அதைத் திட்டுகிறாய். உஷா மிஷின் பாவம், அதன்மேல் குற்றமில்லை. போனில் சொன்னால் நினைவிருக்காது, எழுதி அனுப்பு என்றாய் அல்லவா, அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

மிஷினில் கீழே இருக்கிற பல் அடித்துணியை மட்டும்தான் பிடித்து இழுக்கும். மேலே அழுத்துகிற கால், மேல்துணியை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். ஜாக்கெட் தைக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நடுவில் பஞ்சு ஷீட் வந்துவிட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, கடைசி ஓரத்துக்கு வரும்போது இரண்டு விரற்கடை துணி அதிகமாக நிற்கும். அது மடிந்துதானே தீரும்? நீ நாலு மூலையில் மட்டும் ஊக்குக் குத்திவிட்டு ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டே வந்திருக்கிறாய். கரூர் ஏற்றுமதிக் கம்பெனியில் குயில்ட் அடிப்பதை நீ பார்த்திருப்பாய். அங்கே மூன்று அடுக்கும் உருளையிலிருந்து விறைப்பாக இறங்கி, வரிசையாக ஊசி வைத்த பெரிய மிஷினுக்குள் போய்விடும். வீட்டு மிஷினுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் தைப்பதற்கு முன்னால் மூன்று அடுக்கையும் தற்காலிகமாக ஒன்றோடொன்று பிடித்து வைக்க வேண்டும். இங்கே அதற்குப் பேஸ்டிங் என்று பெயர். குயில்ட் பார்க்கிறவர்கள் யார் கண்ணிலும் படாத வேலை, முடிந்ததும் பிரித்துப் போட்டுவிடுகிற வேலை. ஆனால் பாதி குயில்ட் அதில்தான் இருக்கிறது.

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. இவர் ஆபீஸ் போய்விட்டால் வீட்டில் நானும் ஹீட்டரும்தான். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பத்து, பன்னிரண்டு டிகிரி. எதிர்வீட்டு அம்மாளுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, தனியாக இருக்கிறார். அவருடைய தாத்தா பாட்டி ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையில் குடியிருந்த ஜெர்மானியர்கள். இந்த ஊரில் அப்படி வந்து சேர்ந்த குடும்பங்கள் நிறைய. நான் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கதவைத் தட்டினார், குயில்ட் ஒன்றைத் தரையில் விரிக்க வேண்டும், தன்னால் குனிய முடியவில்லை, உதவிக்கு வருகிறாயா என்று கேட்டார். அன்றைக்குத் தொடங்கியதுதான்.

இங்கே பெரும்பாலான வீடுகளில் கார்ப்பெட். அதன்மேல் துணியை விரித்து ஊக்குக் குத்தினால் கார்ப்பெட்டும் சேர்ந்து மாட்டிக்கொண்டு வரும். அதற்காகப் பேஸ்மென்ட்டுக்குப் போகிறார்கள். சூறாவளி வந்தால் பதுங்கிக்கொள்ள வசதியாக இந்தப் பக்கத்து வீடுகளில் கீழே ஓர் அறை இருக்கும், சிமென்ட் தரை. அந்தக் குளிரில் முழங்காலில் நின்று வேலை செய்வார்கள், தோட்டவேலைக்கு வைத்திருக்கிற ரப்பர் மெத்தையை முட்டிக்கு அடியில் போட்டுக்கொண்டு. நம்ம ஹால் மொசைக் தரையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். இந்த வேலைக்கென்றே போட்டுக் கொடுத்த தரை, அக்கா. சம்மணம் போட்டு உட்காரவும் உனக்குத் தெரியும். இங்கே அந்த இரண்டும் கிடைக்காமல் பட்டபாடு கொஞ்சமில்லை. ஃபேனை மட்டும் நிறுத்திவிடு.

இனி வேலைக்கு வருகிறேன். இருக்கிற தையலை மொத்தமாகப் பிரித்துவிடு, யோசிக்காதே. மேல்துணி, அடித்துணி இரண்டையும் லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய். பழைய சேலைத் துணி வழவழவென்று நழுவும், கஞ்சி போட்டால் சொன்னபடி கேட்கும். மேல்துணியின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற நூலெல்லாம் வெட்டிவிடு. கறுப்பு நூல் ஒன்று வெள்ளைத் துணிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் தெரியும்.

உன் கட்டிலுக்கு மேல்துணி 60க்கு 80 அங்குலம் என்றாய். அடித்துணியும் பஞ்சு ஷீட்டும் நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது 68க்கு 88. தைக்கத் தைக்கத் துணி உள்ளே இழுக்கும், அதற்குத்தான் இந்தக் கூடுதல். கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். கரூரில் அகலத் துணிக்கா பஞ்சம்? ஒட்டுப் போடாமல் ஒரே துணியாகவே எடுத்துவிடு. தடிப்பான பெட்ஷீட் துணி மட்டும் வேண்டாம், கையால் தைக்க நினைத்தால் ஊசி ஏறாது. பஞ்சும் அப்படித்தான், இலவம்பஞ்சைப் பிரித்துப் பரப்பலாம் என்று அம்மா சொல்வாள், கேட்காதே. தலையணைக்கு அது சரி, இதில் போட்டால் துவைத்ததும் உருண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். ஷீட்டாக வருகிற பருத்திப் பஞ்சு வாங்கு. முதல் சலவையில் அது நூற்றுக்கு மூன்று, நாலு பங்கு சுருங்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள். வாங்கி வந்ததும் பிரித்துக் கட்டிலில் ஒரு ராத்திரி விரித்துப் போட்டால் மடிப்புத் தடம் போய்விடும்.

அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரித்துக்கொள். பெயின்ட் அடிக்கிறவர்கள் ஓரத்தில் ஒட்டுகிற மாஸ்கிங் டேப் இருக்கிறதே, அது போதும். முதலில் மேல் ஓரத்தின் நடுவில் ஒட்டு, பிறகு அதற்கு எதிரே கீழ் ஓரத்தின் நடுவில், அப்புறம் இடம், வலம். மூலைகள் கடைசியில். சுருக்கம் போகிற அளவுக்கு இழுத்தால் போதும். கட்டில் நாடாவை இழுக்கிற வேகத்தில் இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் அடித்துணி பழைய நிலைக்குச் சுருங்கி, மேலே இருக்கிற இரண்டும் உப்பிக்கொண்டு நிற்கும். எதிர்வீட்டம்மாள் இந்த இடத்தில் அவசரப்படவே மாட்டார். கையைப் பரப்பி நடுவிலிருந்து ஓரம்வரை தடவுவார், ஓரிடத்தில் நின்று டேப்பைப் பிரிப்பார், அரை அங்குலம் தளர்த்தி மறுபடி ஒட்டுவார். என் கண்ணுக்குச் சரியாகத்தான் இருக்கும், அவர் விரலுக்கு அப்படி இருக்காது.

அதன்மேல் பஞ்சு ஷீட், அதன்மேல் மேல்துணி நல்ல பக்கம் மேலே தெரிய. இவற்றை இழுக்கக்கூடாது, நடுவிலிருந்து தடவிவிட வேண்டும், அவ்வளவுதான். மேல்துணியின் நேர்க்கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று எழுந்து நின்று ஒருமுறை பார்த்துக்கொள்.

மிஷினில் தைப்பதாக இருந்தால் ஊக்குதான் நல்லது. நூல் ஓட்டினால் அது மிஷின் காலில் சிக்கும், பிறகு தையலுக்குள் புதைந்து பிடுங்கவே வராது. நடுவில் தொடங்கி வெளியே போகவேண்டும், ஓரத்திலிருந்து உள்ளே வரவே கூடாது. நாலு அங்குலத்துக்கு ஒன்று. உள்ளங்கையை வைத்துப் பார், எங்கே வைத்தாலும் ஓர் ஊக்காவது கைக்கு அடியில் தட்டுப்பட வேண்டும். நேர்ப்புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டே போ, உனக்கு அளவுகோலே தேவைப்படாது. உன் அளவுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய முந்நூறு வரும். மலைக்காதே. எங்கே தையல் கோடு வரப்போகிறது என்று முன்னமே முடிவு செய்து, அந்தக் கோட்டில் ஊக்கு விழாமல் பார்த்துக்கொள். ஊக்குமேல் மிஷினை ஓட்டினால் ஊசி முறியும்.

எல்லாவற்றையும் குத்தி முடிக்கிறவரை ஒன்றையும் மூடாதே. மூடும்போது துணி அசையும், அடுத்த ஊக்கு இடம் மாறும். மூடுவதற்கு இங்கே ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். இடது கையில் ஒரு டீஸ்பூன். ஊக்கின் முனை மேலே வருகிற இடத்தில் ஸ்பூனின் விளிம்பால் துணியை அழுத்தினால், முனை வழுக்கிக்கொண்டு ஸ்பூன்மேல் ஏறி நிற்கும், அப்படியே தலைக்குள் தள்ளிவிடலாம். விரல் நுனி பிழைத்தது. எதிர்வீட்டம்மாள் இதற்கென்று ஒரு ஸ்பூன் வைத்திருக்கிறார், பம்பளிமாஸ் மாதிரி ஒரு பழம் தின்கிறார்களே, அதற்கான ஸ்பூன். முனையில் ரம்பப் பல் இருக்கும். அந்தப் பல்லில் ஊக்கு நன்றாக நிற்கிறது. நீ சாதா ஸ்பூன் வைத்துக்கொள், போதும்.

முடிந்ததும் டேப்பைப் பிரித்து மொத்தத்தையும் திருப்பிப் பார். இதுதான் முக்கியம். அடியில் ஒரே ஒரு சுருக்கம் தெரிந்தாலும் அந்த இடத்து ஊக்குகளைக் கழற்றிச் சரிசெய்து மறுபடி குத்து. தைக்கும்போது சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளாதே, ஆகாது. தைக்கிறபோதும் நடுக்கோட்டில் தொடங்கு, கோட்டை நெருங்குகிற ஊக்கைக் கழற்றிக்கொண்டே போ. கழற்றிய ஊக்கை மூடாமல் டப்பாவில் போடு, அடுத்த முறைக்குத் திறக்கிற வேலை மிச்சம். பாதியில் நிறுத்தி மாதக்கணக்கில் மூட்டை கட்டி வைத்துவிடாதே, ஊக்குத் துருப்பிடித்து அம்மாவின் சுங்குடியில் கறை விழும்.

கையால் தைக்கிற ஆசை இருந்தால் நூல்தான் தோது. வெள்ளை நூல், நீள ஊசி, ஓர் அங்குலம் ஒன்றரை அங்குல நீளத்துக்கு ஓட்டுத்தையல். நீளமாக நூலை வெட்டி, பாதியை நடுவில் அப்படியே விட்டுவிட்டு ஒரு பக்கம் ஓட்டிக்கொண்டு போ. பிறகு மிச்சப் பாதியை ஊசியில் கோத்து எதிர்ப்பக்கம் போ. நடுவில் முடிச்சு விழாது, பிரிக்கும்போது சர்ரென்று வரும். கலர் நூல் சாயம் விடும், வேண்டாம்.

பசை ஸ்பிரேகூட உண்டு. அடித்து ஒட்டினால் பத்து நிமிஷத்தில் வேலை முடியும் என்று இளவயசுக்காரர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும், பிப்ரவரியில் இங்கே ஜன்னலைத் திறப்பவர் உண்டா? தரையெல்லாம் பிசுக்கு வேறு, காலுறை ஒட்டிக்கொண்டு வரும். இந்த வேலையே வேண்டாம் என்று குயில்ட்டை, அதற்கென்றே இருக்கிற நீளக்கை மிஷின் என்கிற பெரிய மிஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து அடித்து வாங்குகிறவர்களும் நிறைய. சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று சென்ட் என்று ஆரம்பிக்கிறார்கள், உன் அளவுக்கே நூறு டாலர் ஆகிவிடும். எனக்கு மனசு வராது.

இந்த ஊரில் குயில்ட்டுக்கென்று ஒரு மியூசியமே இருக்கிறது, சொன்னால் நம்புவாயா? பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ராபர்ட் ஜேம்ஸ், ஆர்டிஸ் ஜேம்ஸ் என்கிற தம்பதி தாங்கள் சேர்த்து வைத்திருந்த ஏறக்குறைய ஆயிரம் குயில்ட்டுகளைக் கொடுக்க, 1997-இல் ஆரம்பித்தார்கள். இப்போதிருக்கிற கட்டடம் 2008-இல் திறந்தது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளின் குயில்ட்டுகள் இருக்கின்றன, நம்ம நாட்டுடையதும் உண்டு. வங்காளத்து காந்தா பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பழைய சேலைகளை அடுக்கித் தைப்பார்கள், நடுவில் பஞ்சே கிடையாது. தைக்கிற நூலைக்கூடப் பழைய சேலைக் கரையிலிருந்து உருவி எடுப்பார்களாம். நம்ம ஊர் வெயிலுக்கு அந்த மாதிரி ஒன்று நீ தைத்தால் இன்னும் பொருத்தம். இதை முடித்துவிட்டு யோசி.

வியாழக்கிழமைகளில் அம்மாளோடு அவருடைய லூத்தரன் சர்ச் ஹாலுக்குப் போகிறேன். நீள மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சுற்றி நின்று வேலை. அங்கே யாரும் தரையில் இறங்குவதில்லை, சராசரி வயது அப்படி. லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் என்று 1945-இலிருந்து இருக்கிற ஓர் அமைப்பு வழியாக அகதிகளுக்கும் வெள்ளம், பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்கும் இங்கே தைக்கிற குயில்ட்டுகள் போகின்றன. அளவு 60க்கு 80, உன் கட்டில் அளவேதான். இவற்றை வரிவரியாகத் தைப்பதில்லை. தடிப்பான நூலை மூன்று அடுக்கிலும் குத்தி எடுத்து, சில அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போவார்கள், ஒரே காலையில் முடிந்துவிடும். மறுபடியும் சுருக்கம் விழுந்து உனக்கு வெறுத்துப் போனால் இப்படி முடிச்சுப் போட்டு முடித்துவிடு, ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஹாலில் ஈராக்கிலிருந்து வந்த, யஸீதி என்கிற சிறுபான்மைச் சமூகத்துப் பெண் ஒருத்தியும் வருகிறாள். அவளுக்கும் எனக்கும் ஆங்கிலம் பாதிதான் ஓடும், ஆனால் துணியின் இரண்டு ஓரத்தை இரண்டு பேராகப் பிடித்து உதறுவதற்கு அதுவே அதிகம். மதியம் காப்பியும் பண்டமும் உண்டு. காப்பி தண்ணீராகத்தான் இருக்கும், இந்த ஒரு விஷயத்தில் இந்த ஊரை மன்னிக்க முடியாது.

இவருடைய ஆபீஸ் நண்பர் மார்ச் மாதம் கோயம்புத்தூர் வருகிறார். அவரிடம் நடுவில் வளைந்த ஊக்கு முந்நூறு கொடுத்தனுப்புகிறேன். நேரான ஊக்கைவிட இது தரையில் சுலபமாக வளைந்து ஏறும். மாமா போய் வாங்கிக்கொள்ளட்டும், நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். திரும்பி வரும்போது அவரிடம் அந்த மாம்பழ மஞ்சளில் இரண்டு மீட்டர் கொடுத்துவிடு, சுக்குமல்லிக் காப்பித்தூளும் அரைக்கிலோ. ஊக்கு டப்பாவைப் பாப்பாவுக்கு எட்டாத இடத்தில் வை.

உன் தங்கை