வீடியோவை எங்கே நிறுத்துவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு 16 ஆண்டுகளாகக் கணக்கு எடுத்துவரும் பட்டதாரி ஆசிரியை. வீடியோ வைத்துக் கணக்கு நடத்தியதில் எனக்குக் கிடைத்த அனுபவத்தை, முக்கியமாக அந்த வீடியோக்களைத் தயாரிப்பவர்களின் காதில் போட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வீடியோவுக்கு இப்போது பஞ்சமில்லை. 2018இல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலேயே க்யூஆர் கோடு அச்சிட்டிருந்தார்கள். 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் பாட வீடியோக்கள் உள்ள மணற்கேணி செயலி என்று வரிசையாக வந்தன. கொரோனா காலத்தில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது, டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து பாடம் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். அந்த உதவியை மறக்க மாட்டேன்.

ஆனால் ஏழாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு நடத்தியபோது எனக்கு ஒரு அடி விழுந்தது. நான்கு நிமிட வீடியோ ஒன்றைப் போட்டேன். வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மேலும் கீழுமாகக் கோத்து, செவ்வகமாக்கி, சூத்திரத்தையும் சொல்லி முடித்துவிட்டது. பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரலில் பதில் வந்தது. மறுநாள் போர்டில் ஒரு கணக்கு எழுதினேன்: ஆரம் 7 செ.மீ. என்றால் வட்டத்தின் பரப்பளவு என்ன? 29 பேரில் 17 பேர் 44 என்று எழுதியிருந்தார்கள். 44 என்பது சுற்றளவு, பரப்பளவு 154. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. அவர்கள் யோசிக்க வேண்டிய இடத்தையெல்லாம் வீடியோவே யோசித்து முடித்திருந்தது.

அடுத்த ஆண்டு வேறு மாதிரி செய்தேன். பழைய காலண்டர் தாள்களைச் சேர்த்துவைத்து, சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரையச் சொன்னேன். வட்டத்தை நான்கு முறை பாதி பாதியாக மடித்தால் 16 பங்கு கிடைக்கும். அப்புறம் வீடியோவைப் போட்டு, வட்டம் துண்டுகளாகப் பிரியும் இடத்தில் நிறுத்தினேன். "இந்தத் துண்டுகளை வைத்து, பரப்பளவு நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வடிவம் செய்ய முடியுமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

கணக்குப் பீரியடில் வாயே திறக்காத ஒரு பெண், எட்டுத் துண்டுகளை வரிசையாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், இது சீப்பு மாதிரி பல்லு பல்லா இருக்கு. இன்னொரு சீப்பைத் தலைகீழா கோத்தா இடைவெளி அடைஞ்சிடும்." சோற்றுப் பசையால் அப்படியே ஒட்டினார்கள். ஆரம் அதே 7 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் கீழ்ப்பக்கம் எவ்வளவு நீளம் என்று கேட்டேன். வட்டத்தின் விளிம்பு மேலே பாதி, கீழே பாதி போயிருக்கிறது, அதனால் 44இல் பாதி 22 என்று ஒருவன் கண்டுபிடித்தான். உயரம் ஆரம்தான், 7. இருபத்திரண்டு ஏழு நூற்றைம்பத்து நான்கு. போன ஆண்டு குழப்பிய 44, இந்த ஆண்டு 154க்கு வழி காட்டியது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "அடிப்பக்கம் நேரா இல்லையே டீச்சர், மேடும் பள்ளமுமா இருக்கு. இதை எப்படிச் செவ்வகம்னு சொல்றது?" என்றான். எவ்வளவு சரியான கேள்வி! இப்போதுதான் வீடியோவை மீண்டும் ஓடவிட்டேன். 32 துண்டு, 64 துண்டு, 128 துண்டு என்று போகப்போக அந்த மேடு பள்ளம் மட்டமாகிக்கொண்டே வந்தது. எங்கள் கத்தரிக்கோலால் இதைச் செய்ய முடியாது, கரும்பலகையில் நான் வரைந்தும் காட்ட முடியாது. அந்த இருபது வினாடிக்காகத்தான் எனக்கு வீடியோ வேண்டும்.

இதற்கு இரண்டு முழு பீரியட் ஆனது. பின்னால் வைத்த தேர்வில் 27 பேரில் நான்கு பேர்தான் தவறு செய்தார்கள். அந்த நால்வரையும் தனியாக உட்காரவைத்து மறுபடி வெட்டி ஒட்டச் செய்தேன்.

அதனால் தயாரிப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் பேச்சில்லாத ஒரு வடிவமும் தாருங்கள். படம் மட்டும் ஓடட்டும், நடுவில் ஒரு கேள்வியோடு தானாக நிற்கட்டும், பேச வேண்டியதை நாங்களும் பிள்ளைகளும் பேசிக்கொள்கிறோம். இப்போது வருகிற குரல் "எனவே இதிலிருந்து நாம் அறிவது" என்று மூச்சுவிடாமல் போகிறது. நான் நிறுத்தினால் பாதி வாக்கியத்தில் நிற்கிறது. பாடப்புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியில் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைக் கொடுத்திருக்கிறார்களே, அதில் பிள்ளையே கோட்டை இழுத்துப் பார்க்கலாம். வீடியோவைவிட எனக்கு அது இன்னும் பிடிக்கும். ஆனால் இணையம் அறுந்துபோகும் ஊர்களுக்கு, பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் சின்ன வீடியோதான் சரிப்படும்.

வகுப்பைப் பார்வையிட வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் எத்தனை வீடியோ காட்டினீர்கள் என்று கேட்காதீர்கள். ஒரு வீடியோவை எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்; ஒட்டிய காலண்டர் தாளையே எடுத்துக் காட்டுகிறேன்.

எட்டாம் வகுப்பில் அடுத்து பிதாகரஸ் தேற்றம் வருகிறது. அதற்கு மூன்று நிமிடத்தில், குரல் இல்லாமல், ஒரே ஒரு வீடியோ கிடைத்தாலும் போதும். தாளும் கத்தரிக்கோலும் எங்களிடம் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
கணித ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.