ஆர்க்கிட் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகத் தந்திருக்கிறார். இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பு பெரும்பாலும் ஆய்வகத்தில், பூஞ்சையின் துணையோடு ஆர்க்கிட் விதையை முளைக்க வைப்பதில்தான் போனது, அதனால் இந்த அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விஷயம். ஆர்க்கிட் விதை தூசி அளவுதான், உள்ளே கரு இருக்கும், அது முளைக்கத் தேவையான உணவுச் சேமிப்பு கிட்டத்தட்ட இருக்காது. காட்டில் பொருத்தமான பூஞ்சை ஒன்று உள்ளே புகுந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் இதை 1899-இலேயே கண்டுபிடித்துவிட்டார். பிறகு 1922-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த வளர்ப்பு ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்துக் காட்டினார், வணிக வளர்ப்பு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. அதுவே போதுமே, நமக்கு எதற்கு இந்தப் பாடு என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மரத்தில் தொற்றி வளரும் வகைகள் பலவற்றுக்கு அது போதும். ஆனால் தரையில் வளரும் வகைகளில் பல சர்க்கரை ஊடகத்தில் அடம்பிடிக்கும், அப்புறம் திரும்பவும் இயற்கையில் நடப்போகும் செடி என்றால் அதன் துணைப் பூஞ்சையும் கூடவே போவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அதிக நேரம் பிடித்தது பூஞ்சையைப் பிரித்தெடுக்கும் வேலை. வேரைக் கழுவி, மெல்லிசாகச் சீவி, செல்லுக்குள் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும் பூஞ்சை இழைகளான பெலோட்டன்களை நுண்ணோக்கியில் பார்த்து ஊசியால் எடுத்து, கிருமியில்லாத நீரில் பலமுறை அலசிய பிறகே தட்டில் உள்ள அகர் என்ற கூழில் வைக்க வேண்டும். இழைகள் தெளிவாகத் தெரியும் புதுச் சுருளாக இருக்க வேண்டும், செடி செரித்துவிட்ட கட்டியிலிருந்து எதுவும் வளராது. அலசலில் அவசரப்பட்டால் ட்ரைக்கோடெர்மா மாதிரி வேகமாக ஓடும் பூஞ்சை தட்டை மூடிவிடும். செங்கோணத்துக்குப் பக்கமாகக் கிளைக்கும் இழையைப் பார்த்தால் நமக்கு வேண்டிய பூஞ்சைதான் என்ற நம்பிக்கை வரும், ஆனால் அது ஆர்க்கிட்டோடு வாழும் பூஞ்சைகளில் டுலாஸ்நெல்லாவா செரட்டோபேசிடியமா என்பதை டிஎன்ஏ பரிசோதனைதான் சொல்லும்.

விதைப்பு அதைவிட எளிது. ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கரைசலில் சுத்தம் செய்த விதையை வடிதாளில் தூவி, ஓட்ஸ் அகர் மேல் வைத்து, பக்கத்தில் பூஞ்சைத் துண்டு ஒன்றை வைத்து இருட்டில் விடுகிறோம். ஊட்டம் குறைந்த ஓட்ஸ் அகரே சரி, சர்க்கரை அதிகமானால் பூஞ்சை கொழுத்துக் கருவையே தின்றுவிடும். பூஞ்சை வைக்காத தட்டு ஒன்றும் ஒவ்வொரு தொகுதியோடும் இருக்கட்டும், அது இல்லாவிட்டால், முளைத்தது பூஞ்சையாலா என்று சொல்லவே முடியாது. கரு வீங்கி, விதையுறை கிழிந்து, புரோட்டோகார்ம் என்ற முதல் முளை உருண்டை எழும்போது தட்டைச் சுற்றி உறுப்பினர்கள் கூடி நிற்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி!

வரும் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். காய் வெடிப்பதற்குச் சற்று முன்னால் பறித்து, காகித உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். உறையின் மேல் தாய்ச்செடியின் பெயரும் பறித்த தேதியும் கட்டாயம் வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்