கையெழுத்து இரண்டு, ஓடிபி மட்டும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே கணக்கைப் பல கணினிகளில் எழுதி வைக்கும் பிளாக்செயின் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் குழுவில் கணக்கு எழுதுகிறவள்.

மரிக்கொழுந்துப் பாசியை வியாபாரி எடை போடும்போது, அவர் நோட்டில் மட்டும் எழுத விட மாட்டோம். குழு நோட்டில் நான் எழுதுவேன். விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் ஒவ்வொருத்தியும் தன் நோட்டில் குறித்துக்கொள்வாள். போன தடவை பாக்கியிலிருந்துதான் அடுத்த கணக்கு தொடங்கும். யாராவது 18 கிலோவை 13 ஆக்கினால் மற்ற நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயினும் இதே வேலையைத்தான் செய்கிறது. பதிவுகளைக் கட்டுக் கட்டாக (பிளாக்) வைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் முந்தைய கட்டின் ஹேஷ் எண், அதாவது அந்தக் கட்டில் உள்ளதை வைத்துக் கணக்கிட்ட அடையாள எண், இருக்கும். பிரதிகள் பல கணினிகளில் இருக்கும். பிட்காயின் என்ற டிஜிட்டல் பணம் 2009-லிருந்து இப்படித்தான் ஓடுகிறது. தமிழக அரசும் 2020-ல் இதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. சந்தோஷம்தான்.

என் கவலை போனைப் பற்றியது.

எங்கள் குழுவின் வங்கிக் கணக்கில் காசோலை என்றால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். போனில் பணம் அனுப்ப மட்டும் தலைவி அக்காவுக்கு வரும் ஓடிபி ஒன்றே போதும். போன கார்த்திகையில் அக்கா கரையேறி, பாசிப் பையை இறக்கிவைக்கிற நேரத்தில் போன் வந்தது. “வங்கியிலிருந்து பேசுறோம், கேஒய்சி முடிக்கலைன்னா கணக்கை நிறுத்திடுவோம்” என்று, வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பைச் சொல்லி மிரட்டி, ஓடிபியைக் கேட்டிருக்கிறார்கள். கையெல்லாம் ஈரம். பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் போனில் வந்த ஓடிபி எண்ணைப் படிக்கச் சொல்லி, அப்படியே சொல்லிவிட்டார். 14,000 ரூபாய் போய்விட்டது. அன்றைக்கே சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை.

இந்த இடத்தில் பிளாக்செயினே இருந்திருந்தாலும் எங்களைக் காப்பாற்றியிருக்காது. பணத்தை நகர்த்த அனுமதிக்கும் ரகசிய எண்ணைச் சாவி என்பார்கள். பிளாக்செயின் அந்தச் சாவியைத்தான் பார்க்கும். சாவி யார் கையில் என்று பார்க்காது. திருட்டையும் அக்கா அனுப்பிய பணமாகவே அழியாமல் பதிந்து வைத்திருக்கும். கணக்கை நூறு இடத்தில் வைத்துவிட்டு, சாவியை ஒரே போனில் வைத்தால் எப்படி?

சாவியைப் பகிர வழி இல்லாமல் இல்லை. ஒரு ரகசியத்தை ஐந்து பங்காக்கி, எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்கும்படி வைக்கலாம் என்று ரகசியக் குறியீட்டு அறிஞர் ஆதி ஷமீர் 1979-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். பிட்காயினிலும் மூன்று சாவியில் இரண்டு சேர்ந்தால்தான் பணம் நகரும் என்று வைத்துக்கொள்ளலாம். அதையே மகளிர் குழுக் கணக்குகளுக்கும் கொண்டுவாருங்கள் என்று வங்கிகளையும் அரசையும் கேட்கிறேன். மூன்று பேர் போனைப் பதிவு செய்து, இரண்டு பேர் சம்மதித்தால் மட்டும் பணம் போகட்டும்.

அக்கா இப்போது தலைவி பொறுப்பே வேண்டாம் என்கிறார். 11 வருடம் ஒரு ரூபாய் பிசகாமல் குழுவை நடத்தியவர்.

இப்படிக்கு,
கடல்பாசிக் குழுவின் கணக்காளர்,
சின்னப்பாலம், பாம்பன்.