ஆறு கோல் வாங்கிய அணியின் பயிற்சியாளருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆறு கோல் வாங்கித் தோற்ற கால்பந்து ஆட்டம் முடிந்து பையன்களை எல்லாம் அனுப்பிவிட்டு, இருட்டும்வரை நீ தனியாகக் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அருகில் வந்து பேச அன்று மனம் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அடுத்த மாத செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) போட்டிக்கு வெளியூர் ஆட்டக்காரர்கள் நான்கு பேரைக் காசு கொடுத்து இறக்க வேண்டும் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்களாம். தயவுசெய்து இணங்காதே. நான் ஆடிய காலத்தில் அப்படித்தான் ஒரு கோப்பையை வாங்கினோம். மறுவருடம் வந்தவர்களும் இல்லை. அவர்களுக்காக வெளியே உட்கார வைக்கப்பட்ட நம் பையன்களும் விசைப்படகேறி, நாள்கணக்கில் ஆழ்கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போய்விட்டார்கள். பதினெட்டு வயதானால் கடல் கூப்பிடும் ஊர் இது. ஆட இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் ஒரு பையனை இங்கே மைதானத்தில் நிறுத்தி வைக்கும்.

2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் மைதானத்தில் நெடுநாள் பந்து உருளவில்லை என்பது உனக்குத் தெரியும். அப்படி நின்றுபோன கிளப்பை ஒரு சீசனில் யாராலும் எழுப்ப முடியாது. பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்கு வந்தது 1986இல். 1989-90 லீக்கில் அந்த அணி 13ஆம் இடத்தில் முடித்தது. அவருக்கு அங்கே முதல் லீக் பட்டம் 1993இல்தான் கிடைத்தது. அவர் ஆட்களை விலைக்கும் வாங்கினார் என்பது உண்மையே. ஆனால் அந்தக் கிளப்பின் இளையோர் அணியிலேயே வளர்ந்து 1992இல் இளையோர் கோப்பையை வென்ற கிக்ஸ், பெக்காம், கேரி நெவில் ஆகியோர்தான் பின்னர் பல ஆண்டுகள் அந்த அணியைத் தாங்கினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை சென்ற மைக்கேல் சூசைராஜ் நம் குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறைக்காரர்தானே.

ஐந்தாவது கோல் விழுந்த பிறகு நடந்த ஒன்றை நீ கவனித்தாயா? இடது பேக்கில் (இடப்பக்கத் தடுப்பில்) நின்ற அந்தச் சின்னப் பையன், போன வருடம்வரை பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பவன், அன்று பந்தைக் காலடியில் நிறுத்தி, தலையை நிமிர்த்தி, நடுவில் நின்றவனுக்குத் தரையோடு தட்டிக்கொடுத்தான். கரையில் நின்றவர்கள் "அடிடா, அடிடா" என்று கத்தியும் அவன் அவசரப்படவில்லை. ஐந்து கோல் பின்தங்கியிருக்கும்போது அப்படி ஆடுவதற்கு நீதான் கற்றுக்கொடுத்திருக்கிறாய்.

கமிட்டிக் கூட்டத்துக்கு நானும் வந்து இதைச் சொல்கிறேன். வடக்குக் கோலின் வலை கிழிந்து தொங்குகிறது; சனிக்கிழமைக்குள் அதைச் சரிசெய்து கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கோல்கீப்பர் அண்ணன்