என்னை மெதுவாக ஓடவைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மராத்தான் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போய், விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அது விழுவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும்.

42.195 கி.மீ. ஓடியது ஒரே ஒரு நாள். நான் கடன்பட்டது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான்.

முதலில் லாங் ரன்னில், அதாவது ஞாயிறுதோறும் ஓடும் நீண்ட பயிற்சி ஓட்டத்தில், பக்கத்திலேயே வந்த அக்காவுக்கு. மூச்சு முட்ட ஓடினால்தான் பயிற்சி என்று நினைத்திருந்தேன். முதல் 24 கி.மீ. ஓட்டத்தில், ஐந்தாவது கிலோமீட்டரிலேயே, "கடைசியா என்ன படம் பார்த்தே? கதையைச் சொல்லு" என்றீர்கள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது. "கதை சொல்ல முடியலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்" என்று சொல்லி வேகத்தைக் குறைத்துவிட்டீர்கள். சத்தியமாகக் கோபம் வந்தது. காலை நடைக்கு வந்தவர்கள் நம்மைத் தாண்டிவிடுவார்களோ என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் மறுநாள் கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்கினேன்.

சைக்கிளில் கூடவே வந்த தம்பிக்கு. போட்டிக்கு 3 வாரம் முன்பு 32 கி.மீ. ஓடினோமே, அன்று 27ஆவது கிலோமீட்டரில் ஜெல் (ஓடும்போது தெம்புக்கு விழுங்கும் சர்க்கரைக் கூழ்) உறையைக் கிழிக்க என் விரலில் தெம்பில்லை. வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. நீ பல்லால் கடித்துக் கிழித்து நீட்டினாய். 40 நிமிடத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருந்ததும் நீதான். சோர்ந்த பிறகு விழுங்கினால் அது ரத்தத்தில் ஏறுவதற்குள் கால் ஓய்ந்துவிடும். வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆளையே சாய்த்துவிடும் என்பதும் நீ பாட்டிலைப் பிடுங்கியபோதுதான் தெரிந்தது.

பிசியோதெரபிஸ்டுக்கு. முழங்காலின் வெளிப்பக்கம் குத்தியபோது 10 நாள் ஓடக்கூடாது என்றீர்கள். "விட்ட கிலோமீட்டரை அடுத்த வாரம் சேர்த்து ஓடிடலாமா?" என்று கேட்டேன். பதிலே சொல்லாமல் ஒரு பார்வை பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு நன்றி.

உரசிப் புண்ணாகாமல் இருக்க அக்குளில் வாசலின் தடவச் சொன்னவருக்கும். குளிக்கும்போது எரிந்தபிறகுதான் கேட்டேன், மன்னிக்கவும்.

அப்புறம் வீட்டாருக்கு. 4 மணி அலாரத்துக்கு எனக்கு முன்னால் விழித்தது நீங்கள். அதைவிடக் கொடுமை, ஓட்டத்தைக் குறைத்த கடைசி 3 வாரம். ஓடாமல் இருக்கத் தெரியாமல், தினம் ஒரு புது வலியைக் கண்டுபிடித்து உங்களிடம் புலம்பினேன். பொறுத்துக்கொண்டீர்கள். அதற்குத் தனிப் பதக்கமே கொடுக்கலாம்.

போட்டியன்று 35ஆவது கிலோமீட்டரில் சுற்றியிருந்த பலர் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் ஓடிக்கொண்டிருந்தேன், மெதுவாகத்தான்.

அக்கா, அந்தப் படத்தின் முடிவை உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. நகம் விழுந்ததும் வருகிறேன். 8 கி.மீ. போதும், சரியா?