‘சொந்தக் காரணங்கள்’ அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழகக் காலிப் பணியிடங்கள் குறித்த தங்கள் தலையங்கத்தில், “கூடுதல் சம்பளத்தை நாடி அரசுப் பல்கலைக்கழகங்களை விட்டுப் போகிறார்கள்” என்று ஒரு வரி இருந்தது. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாசிப்பவன் என்ற முறையில் அந்த வரி என்னைப் புண்படுத்தியது. பதினான்கு ஆண்டுகள் அத்தகைய ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேறிடம் போனவன் நான்.

முதல் ஆறு ஆண்டுகள் தொகுப்பூதியம். கல்வியாண்டு முடிந்ததும் பணியிலிருந்து விடுவிப்பார்கள், சில நாட்கள் கழித்துப் புதிய ஆணை வரும். தொடர்ச்சியாகப் பணியாற்றினேன் என்று நான் எங்கும் உரிமை கோரிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த இடைவெளி என்பது தாங்கள் அறியாததல்ல. அந்த நாட்களிலும் விடைத்தாள் திருத்தினேன். உயர்கல்வி ஆசிரியர்களின் பணிப் பாதுகாப்பு காக்கப்பட வேண்டும் என்று யுனெஸ்கோ பொது மாநாடு 1997-லேயே பரிந்துரைத்திருக்கிறது. எங்கள் நிர்வாகப் பிரிவில் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நிரந்தரமான பிறகு பதவி உயர்வுக் கோப்பு மூன்று ஆண்டுகள் கிடந்தது. இரண்டு முறை காணாமல் போனது, இரண்டு முறையும் நானே மீண்டும் நகல் எடுத்துக் கொடுத்தேன். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏன் தாமதம் என்று ஒருவரும் ஒரு வரி எழுதித் தராததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஊழியர்களின் அதிருப்திக்குச் சம்பளத்தைவிட நிர்வாக நடைமுறைகளே பெரிய காரணம் என்று அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1968-இல் எழுதினார். அதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு வந்தவர்களே அந்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆசிரியரல்லாத பணியாளர்களைப் பற்றித் தலையங்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. எங்கள் துறைக் கருவிகளைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர் கடைசிவரை தினக்கூலி. அவர் போன பிறகு அவற்றில் இரண்டு உறை போட்டபடியே நிற்கின்றன.

விலகல் கடிதத்தில் என் காரணங்களை இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருந்தேன். “இதெல்லாம் வேண்டாம் சார், சொந்தக் காரணங்களுக்காக என்று எழுதுங்கள், சீக்கிரம் முடிந்துவிடும்” என்றார் அலுவலக எழுத்தர். நல்ல மனிதர், எனக்காகத்தான் சொன்னார். அப்படியே எழுதினேன். நிலுவையின்மைச் சான்றுக்குப் பதினொரு கையெழுத்துகள் வாங்கினேன். திருப்பித் தராத ஒரு நூலைப் பற்றி நூலகத்தில் கேட்டார்கள். ஏன் போகிறீர்கள் என்று பதினொரு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. என்னிடம் ஆய்வு செய்த மூன்று மாணவர்களை, அவர்கள் துறைக்குத் தொடர்பில்லாத ஒரு வழிகாட்டியிடம் ஒப்படைத்தார்கள். ஒருவர் ஆய்வையே விட்டுவிட்டார்.

தங்களிடம் நான் வேண்டுவது சிறிய காரியம். அடுத்த முறை காலியிடங்களின் எண்ணிக்கையை வெளியிடும்போது, கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் விலகினார்கள், அவர்களிடம் காரணம் கேட்கப்பட்டதா என்பதையும் பல்கலைக்கழகங்களிடம் கேட்டு வெளியிடுங்கள்.

மற்ற இரண்டு மாணவர்களும் இன்னும் அங்கேதான் ஆய்வு செய்கிறார்கள். ஆகவே என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் இணைப் பேராசிரியர் ஒருவர்